ஓரத்தில் தேயாத டயர்

செவ்வாய்க்கிழமை. மழை விட்டுவிட்டது. தூக்கம் வரவில்லை.

சாயங்காலம் ஸ்டெல்லாவும் நானும் லிங்கராஜபுரத்து டயர் கடைக்குப் போனோம். பைக் வாங்கிய புதிதில், இமயமலைப் பக்கம் போய் வரலாம் என்று சொன்னவள் அவள்தான். அதற்காகவே கரடுமுரடான பாதையில் பிடிமானத்துக்குப் பெரிய ரப்பர் பட்டன் வைத்த ஆஃப்-ரோடு டயர் போட்டோம். பிறகு ஒவ்வொரு கோடையிலும் எனக்கு ஆபீசில் ஏதாவது ஒரு வேலை வந்து விழுந்தது. வண்டி பெங்களூரில் சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி எங்கும் போகவில்லை.

கடைக்காரர் பின் டயரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். நடுவிலிருந்த பட்டன்கள் தார் ரோட்டில் தேய்ந்து மழமழவென்று இருந்தன. ஓரத்துப் பட்டன்களில் புது டயருக்கே உள்ள ரப்பர் முடிகூட உதிரவில்லை. ஸ்டெல்லா அதை விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"ரோடு டயரே போடுங்கண்ணா. ஆபீசுக்குத்தானே ஓட்டுறேன்" என்றேன். சொல்லும்போதே அலுப்பாக இருந்தது.

"வேணாண்ணா, இருந்த மாதிரியே போடுங்க" என்றாள் ஸ்டெல்லா. "இவருக்கு லீவு கிடைக்கலன்னா நான் ஓட்டிட்டுப் போறேன்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வீடு வரும்வரை புது டயர் தாரில் உறுமிக்கொண்டே வந்தது.

விளையாட்டுக்குச் சொன்னாள் என்றுதான் இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் லைசென்ஸில் கியர் வண்டியையும் சேர்க்க வேண்டும் என்று ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைந்தாள். எதற்கு என்று நான் கேட்கவே இல்லை.