ஐயாவுக்கு எழுதிய ஏற்புரை

ஜனவரி 20, திங்கள்

பி.சி.ஏ. முதலாண்டுக்கு எழுத்துத்திறன் வகுப்பு. 'நேற்று' என்று தலைப்புக் கொடுத்து ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். பாதிப் பேர் போனைப் பார்த்து 'நேற்று என்பது காலம் நமக்களித்த பொக்கிஷம்' என்று எழுதியிருந்தார்கள். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று ஒருவனைக் கேட்டால், கட்டுரைக்கு அது எதுக்கு மிஸ் என்கிறான். சொந்தமாக எழுதுங்கள் என்று தொண்டை கட்டும் வரை கத்திவிட்டு வந்தேன். திருத்த இன்னும் இரண்டு வகுப்புக் கட்டுரைகள் கிடக்கின்றன.

பிப்ரவரி 1, சனி

அரியலூர் போய் ஐயாவைப் பார்த்தேன். நெறியாளர் கலையரசன் என்று எழுத இந்த நோட்டில்கூடக் கை வரவில்லை. ஐயா, அவ்வளவுதான்.

தீபாவளிக்குக் கொடுத்த ஆய்வேடு அதே கவரில், அதே நாற்காலியில் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் ஜனங்கள் கொடுக்கிற மனுக்களின் மொழி பற்றி ஆறு வருட உழைப்பு. ஏப்ரல் கடைசிக்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு காலாவதி. இனி நீட்டிப்பும் கிடையாது. படித்துவிடுவதாகச் சொன்னார். படிக்க மாட்டார். அவருக்காக நான் எழுதிக் கொடுப்பதையே அவர் படிப்பதில்லை. போன வருடம் ஜெயங்கொண்டத்தில் ஒரு நூல் வெளியீட்டுக்கு உரை எழுதிக் கொடுத்தேன். கைதட்டல் வரும் இடத்தில் 'இங்கே சற்று நிறுத்தவும்' என்று குறித்திருந்தேன். மேடையில் அதையும் சேர்த்தே வாசித்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

எனக்கு முன்பு இருந்த ஆய்வு மாணவர் ஐயா வீட்டு கரண்ட் பில் கட்டுவது முதல் எல்லாம் பார்த்தாராம். எனக்கு எழுத்து வேலை மட்டும்தான். உரை, அணிந்துரை, கருத்தரங்கக் கட்டுரை. கொடுத்துவைத்தவள்.

பிப்ரவரி 10

வகுப்பு முடிந்ததும் ஃபர்ஹா வந்தாள். லப்பைக்குடிக்காட்டுப் பெண். துபாயிலிருந்து அத்தா போன் செய்யும்போது வீட்டில் எல்லோரும் பொய் மட்டுமே சொல்கிறார்கள் என்று 'நேற்று'க் கட்டுரையில் எழுதியிருந்தவள். அந்த வகுப்பில் எனக்குக் கிடைத்த ஒரே நிஜமான பக்கம்.

"மிஸ், நீங்க எழுதுனது எங்கயாச்சும் வந்திருக்கா? படிக்கணும்."

வந்திருக்கிறது என்றேன். எதில் என்று கேட்டாள். அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது, நல்லவேளை.

பிப்ரவரி 22

ஐயா சமர்ப்பிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். கவரைப் பிரிக்கவே இல்லை. எங்கிருந்தாவது எடுத்ததா என்று கணினியில் பார்க்கும் ஒப்புமைச் சோதனையை முடித்துவிட்டுக் கொடுத்துவிடு என்றார். வரும் வழியில் பஸ்ஸிலேயே தூங்கிப் பேருந்து நிலையத்தில்தான் விழித்தேன்.

பிப்ரவரி 27

நாற்பத்தேழு சதவீதம்.

பத்துக்கு மேல் இருந்தால் திருடியதென்று அர்த்தம். நூலகர் தாஜுதீன் சார் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பக்கம் பக்கமாகச் சிவப்பு. எல்லாம் ஐயாவின் கட்டுரைகளோடு பொருந்துகிறது. கருத்தரங்க மலர்கள், இணைய இதழ்கள், எல்லாவற்றிலும் முனைவர் கலையரசன் என்ற ஒரே பெயர்.

"என்னம்மா இது, சார்ட்டருந்தே எடுத்துட்டீங்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

எதை எடுத்தேன்? அவர் கட்டுரை கேட்ட போதெல்லாம் என் கையில் இருந்தது என் ஆய்வு மட்டும்தானே. அதிலிருந்து பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தேன். அந்தச் சிவப்பு வரிகளில் ஒவ்வொன்றையும் எங்கே உட்கார்ந்து எழுதினேன் என்று எனக்குத் தெரியும். எறையூர்க் கரும்பு விவசாயிகளின் மனுக்களைப் பற்றிய பத்தி, காய்ச்சலோடு எழுதியது. என் வாக்கியத்த நானே திருடிட்டேனாம். சிரிப்பு வருது. அழுகையும்தான்.

மார்ச் 1, சனி

ஐயாவிடம் சொன்னேன். அந்தக் கட்டுரைகளை எழுதியது நான் என்று அவர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், அந்தப் பகுதியைக் கழித்துவிட்டு மதிப்பிடுவார்கள். தாஜுதீன் சாரே விசாரித்துச் சொன்ன வழி.

ஐயா சொன்னது: "ரிட்டையர் ஆவுற நேரத்துல அப்படி எழுதிக் குடுத்தா என் பேரு என்னம்மா ஆவுறது? வாக்கியத்த மாத்திப் போடு, போயிடும்."

அதே மூச்சில், ஏப்ரல் ஐந்தாம் தேதி பணி நிறைவு விழா, ஏற்புரை எழுதிக்கொண்டு வா என்றார். சரிங்கய்யா என்றுதான் என் வாய் சொன்னது. அந்த வாயை என்ன செய்வது?

மார்ச் 9

மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எனவே என்பதை ஆகவே ஆக்கினேன். 'மனு எழுதுபவர் இன்னொருவரின் நானை எழுதுகிறார்' என்று ஒரு வரி. எனக்கு ரொம்பப் பிடித்த வரி. அதை 'மனு வரைவோரால் பிறரது தன்மை நிலை பதிவு செய்யப்படுகிறது' என்று மாற்றினேன். படிக்கக் கூசுகிறது. நாளைக்குக் காலையில் இதே கையோடு போய், பிறர் வாக்கியத்தை மாற்றிப் போட்டால் சொந்த எழுத்தாகிவிடாது என்று பாடம் நடத்த வேண்டும்.

மார்ச் 14

முதுகு வலி. ஒரு பக்கம்கூட நகரவில்லை.

மார்ச் 20

மாற்றிய பிறகும் முப்பத்தொன்று. அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது — என் வீட்டுக்காரர் இளவரசனைச் சொல்கிறேன், ஐயாவை இல்லை. சிமெண்ட் ஆலை ஷிப்ட் முடிந்து வந்து, தோசை ஊற்றித் தட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "வுட்டுத் தொலைச்சிடேன் பூங்குழலி" என்றார். கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி. விட்டால் இந்தக் கல்லூரியிலேயே, கோடையில் வீடு வீடாகப் போய் அட்மிஷனுக்குப் பிள்ளை பிடித்துக்கொண்டு, கிழவியாகிவிடுவேன். போன மே மாதம் அரும்பாவூரில் ஒரு வீட்டில், லோன் ஆபீஸ் ஆள் என்று நினைத்துக் கதவையே திறக்கவில்லை.

மார்ச் 29, சனி

ஏற்புரை எழுதினேன். வழக்கம்போல ஐயாவின் நடை: 'அன்னைத் தமிழின் அருந்தவப் புதல்வர்களே' என்று ஆரம்பம். நடுவில் மூன்று வாக்கியம் சேர்த்தேன். எடுத்தேன். திரும்பவும் சேர்த்தேன்.

மார்ச் 30

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருமுறை படித்துப் பாருங்கள் ஐயா என்றேன். நீ எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். படித்துப் பாருங்கள் என்று வாசலில் நின்று மறுபடியும் சொன்னேன். இதற்கு மேல் நான் என்ன செய்ய?

ஏப்ரல் 5, சனி

விழா. மாலை, சால்வை, கல்கண்டு. நான் கடைசி வரிசையில், மின்விசிறி இல்லாத இடத்தில்.

ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். அந்த இடம் வந்தது. "மனுக்களின் மொழி குறித்து என் பெயரில் வெளிவந்த கட்டுரைகளை எழுதியவர் என் மாணவி பூங்குழலி. சிந்தனையும் உழைப்பும் அவருடையவை. இதை இந்த மேடையில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்."

மூன்றாவது வாக்கியத்தில்தான் தான் வாசிப்பது அவருக்குக் காதில் விழுந்திருக்க வேண்டும். நிறுத்தினார். தாளைப் பார்த்தார், அப்புறம் கூட்டத்தைப் பார்த்தார். அதற்குள் முன்வரிசை கைதட்ட ஆரம்பித்துவிட்டது. அரங்கமே எழுந்து நின்றது. அடுத்துப் பேசிய கல்லூரி முதல்வர், மாணவிக்கு விட்டுக்கொடுக்கும் இப்படியொரு பெருந்தன்மையைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். அதற்காக இன்னொரு சால்வை போட்டார்கள்.

சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

ஏப்ரல் 7

ஐயாவிடமிருந்து போன். எடுக்கவில்லை. மறுபடி வந்தது. திட்டட்டும் என்று எடுத்தேன். திட்டவில்லை. எல்லோரும் அந்த இடத்தைப் பற்றியே பேசுகிறார்களாம்.

"அந்தக் கடிதத்த நீயே எழுதிக் கொண்டாம்மா. கையெழுத்துப் போடறேன்."

ஆக, அவருக்காக நான் எழுதியதை ஒப்புக்கொள்ளும் கடிதத்தையும் அவருக்காக நான்தான் எழுத வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

காலை வகுப்பு முடிந்ததும் கட்டுரைகள் எந்தெந்த இதழில் இருக்கின்றன என்று ஃபர்ஹாவுக்கு எழுதிக் கொடுத்தேன். வேற பேரு போட்டிருக்கும், பரவால்ல படி என்றேன். ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

மதியம் அரியலூர். கடிதம் நாலே வரி. அருந்தவமும் இல்லை, அன்னைத் தமிழும் இல்லை. ஐயா பேனாவைத் திறந்தார், மூடினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். இத்தனை வருடத்தில் நான் எழுதிய ஒன்றை அவர் படித்து இன்றுதான் பார்க்கிறேன்.

"இது என் நடை இல்லையேம்மா."

"ஆமாங்கய்யா. என்னோடது."

கையெழுத்துப் போட்டார்.

மாற்றிப் போட்டதையெல்லாம் பழையபடி ஆக்க வேண்டும், இந்த மாதத்துக்குள். 'மனு எழுதுபவர் இன்னொருவரின் நானை எழுதுகிறார்.' பஸ்ஸிலேயே அதை முதலில் சரிசெய்தேன். உட்கார இடம் கிடைத்திருந்தது.