கணவரின் பெயரைப் பொய்யென்று காட்டிய இயந்திரம்

அனுப்புநர்:
மு. நல்லம்மா,
இல. 27, கீழ்ப்பிரிவு,
வத்தேகம.

பெறுநர்:
உதவித் தொழில் ஆணையாளர் அவர்கள்,
மாவட்டத் தொழில் அலுவலகம்,
கண்டி.

விடயம்: மூளைச் சோதனை அறிக்கையை வைத்து, பொய் சொன்னவள் என்று என்னை வேலையிலிருந்து நீக்கியமை

மதிப்புக்குரிய ஐயா,

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் எழுதும் மனு இது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விடயத்தில் பிழை இல்லை.

1. குண்டசாலையில் தேயிலை பொதியிடும் தனியார் நிறுவனமொன்றில் பதினொரு வருடம் துப்புரவு வேலை செய்தேன். கடந்த ஜூலை இறுதியில் களஞ்சியத்திலிருந்து நான்கு பெட்டித் தேயிலை காணாமற்போனது. களஞ்சியச் சாவியைத் தொட்ட ஐந்து பேருக்கும் மூளைச் சோதனை செய்யப்போவதாக அறிவித்தார்கள். மனதில் ஒளித்து வைத்திருப்பதையும் அது காட்டிவிடுமாம். என்னிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை, ஆகவே சம்மதித்துக் கையெழுத்திட்டேன்.

2. ஆகஸ்ட் 5ஆம் திகதி வயர்கள் தொங்கும் தொப்பியொன்றை என் தலையில் மாட்டினார்கள். முதலில் எல்லோருக்கும் தெரிந்த உண்மைகளைக் கேட்பார்களாம். உண்மை பேசும்போது என் மூளை எப்படி இருக்கும் என்பதை இயந்திரம் அதிலிருந்து தெரிந்துகொள்ளுமாம். பிறகுதான் பெட்டிகளைப் பற்றிக் கேட்பார்களாம். என் பெயர், ஊர், பிறந்த திகதி எல்லாம் சொன்னேன். அடுத்து கணவரின் பெயரைக் கேட்டார்கள்.

3. ஐயா, கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அந்தப் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. கணவர் பெயரைச் சொன்னால் அவருடைய ஆயுசுக்கு ஆகாது என்று நம்பி வளர்ந்தவள் நான். வீட்டில் மகன் பெயரை வைத்து அவர் எனக்கு "ஜீவன் அப்பா". ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டால் கிளினிக் கொப்பியை நீட்டுவேன். கிராம உத்தியோகத்தர் கேட்டால் அவருடைய அடையாள அட்டையைக் காட்டுவேன். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பைத்தியமா என்று என் மகள் டிலானியே சிரிப்பாள். சிரிக்கட்டும்.

4. அவர் கடந்த மே மாதம் சிறுநீரக வருத்தத்தில் காலமானார். கடைசி வாரத்தில் கட்டிலில் கிடந்தபடி, ஒருதரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடேன், என்ன ஆகிவிடப் போகிறது என்று கேலியாகக் கேட்டார். சும்மா இருங்க என்று சொல்லிவிட்டுக் கஞ்சி எடுக்கப் போய்விட்டேன். அவருக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். ஐந்தாம் நாள் போய்விட்டார்.

5. சோதனை அறையில் "ஜீவன் அப்பா" என்றுதான் பதில் சொன்னேன். அது பெயரல்ல, பெயரைச் சொல்லுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்றார் கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி. சொன்னேன். என் கணவர் ஆசையாகக் கேட்டும் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருவருக்கு முன்னால் சொன்னேன். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அதற்குப் பிறகு என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று சத்தியமாக நினைவில்லை.

6. பெட்டிகள் பற்றிய என் பதில்கள் "தெளிவில்லை" என்றும், கணவரின் பெயர் "பொய்" என்றும் அறிக்கை வந்தது. ஒன்பது நாள் கழித்துப் பெட்டிகள் கிடைத்துவிட்டன. வேறொரு லொறியில் தவறுதலாக ஏற்றியிருக்கிறார்கள். அத்தோடு முடிந்தது என்று நிம்மதியடைந்தேன். ஆனால் பெட்டி வேறு, பொய் வேறு என்றார்கள். கணவர் பெயரிலேயே பொய் சொல்பவரை வைத்திருக்க முடியாது என்றார் முகாமையாளர். இறந்தவர் சட்டப்படி என் கணவர்தானா என்றும் கேட்டார். கூட வேலை செய்யும் அக்குறணை றம்ஸியா அவரிடம் போய், இது நல்லம்மா அக்கா ஆட்களுடைய வழக்கம், அக்கா அழுதுகொண்டுதான் வெளியே வந்தார் என்று எடுத்துச் சொன்னார். இயந்திரத்துக்கு வழக்கமெல்லாம் தெரியாது என்று பதில் வந்தது. அதைத்தான் ஐயா நானும் சொல்கிறேன்.

7. ஆகஸ்ட் 22ஆம் திகதி நீக்கற் கடிதம் தந்தார்கள். கதை வத்தேகம வரை வந்துவிட்டது. உண்மையில் பதிவுத் திருமணம்தானா என்று கடைத்தெருவில் என்னிடமே கேட்கிறார்கள். வேலை போனது கஷ்டம்தான், அதைச் சமாளித்துக்கொள்வேன். அவரோடு வாழ்ந்ததைப் பொய்யென்று அச்சடித்துக் கையில் தந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகவே, அந்த அறிக்கையைச் செல்லுபடியற்றதாக்கி, என்னை மீண்டும் வேலையில் அமர்த்த ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு அழைத்தால் வருவேன். எதைக் கேட்டாலும் பதில் சொல்வேன். அந்தப் பெயரை மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம்.

இன்னுமொரு வேண்டுகோள். அந்த அறையில் என் குரலையும் பதிவு செய்தார்கள். என் கணவரை நான் பெயர் சொன்ன ஒரேயொரு தடவை அந்த நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. அது அவருக்குச் சேரவேண்டியது. அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு வழியில்லை. வேறு யாரும் கேட்காதபடி அதை அழித்துவிட உத்தரவிடுங்கள், ஐயா.

இடம்: வத்தேகம
திகதி: 2025.09.10

தங்கள் தயவை எதிர்பார்த்திருக்கும்,
மு. நல்லம்மா
(ஒப்பம்)

இணைப்பு:
நீக்கற் கடிதமும் சோதனை அறிக்கையும்
விவாகப் பதிவுச் சான்றிதழ்
மரணச் சான்றிதழ் (அவருடைய பெயரை இதில் பார்த்துக்கொள்ளவும்)