இடுப்பளவு என்று எழுதிய வீடுகள்

ஜூலை 8
விடைத்தாள் திருத்தி விரல் மரத்துவிட்டது. ஆற்றோரத் தெரு பற்றிய என் வெள்ள அறிக்கையை அரசு ஏற்றுக்கொண்டதாம். இரண்டு வருட உழைப்பு. சதுப்பு நிலத்தில் மண் கொட்டி எழுப்பிய கிடங்குதான் வெள்ளத்துக்குக் காரணம் என்று நிறுவியிருக்கிறேன். நானும் தெருக்காரர்களும் கிடங்கின்மேல் போட்ட வழக்குக்கும் அதுதான் ஆதாரம். தலைகால் புரியவில்லை.

ஜூலை 15
ஏற்றுக்கொண்ட லட்சணம் இன்றுதான் தெரிந்தது. கிடங்குக்கு ஒன்றுமில்லை. இடுப்பளவு வெள்ளம் வந்த அறுபத்திரண்டு வீடுகள் வசிக்கத் தகுதியற்றவையாம், காலி செய்ய வேண்டுமாம். பட்டியல் என்னுடையது. வரிசை எண் உட்பட. ஐயோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்?

ஜூலை 16
முதல் எண் தையல்காரம்மாவின் வீடு. மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை அவர்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. தண்ணி முழங்கால் வரைக்கும்தான் வந்துச்சு. நிவாரணம் கெடைக்கும்னு இடுப்புன்னு சொன்னோம். தெருவே பேசி வச்சுத்தான் சொன்னோம்."

யார்மேல் கோபப்படுவது? நான் கணக்கெடுக்கப் போனபோது சுவர்களுக்கு வெள்ளையடித்திருந்தார்கள், கறை தெரியவில்லை. சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தவள் நான்தானே.

ஜூலை 17
அளவு தவறு என்று நான் சொன்னால் வீடுகள் பிழைக்கும். கிடங்கு வழக்கு படுத்துவிடும். சொல்லாவிட்டால் — அறுபத்திரண்டு குடும்பம் எங்கே போகும்?

கல்லூரியில் துறைத்தலைவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "ஆராய்ச்சிதானேம்மா பண்றோம், பாவமன்னிப்பா கேக்குறோம்? வாயத் தொறக்காத."



ஜூலை 29
ஆணையை எதிர்த்துத் தெருக்காரர்கள் போட்ட மனு இன்று விசாரணைக்கு வந்தது. நீதிமன்றத்தில் சொல்லிவிட்டேன். நேரில் அளக்கவில்லை என்று, எல்லோர் முன்னாலும். காலி செய்யும் ஆணைக்குத் தடை கிடைத்தது. தையல்காரம்மா என் தோளில் சாய்ந்து அழுதார். வெளியே கிடங்கின் வக்கீல், "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்று கை நீட்டினார். நானும் கொடுத்துத் தொலைத்தேன்.

ஆகஸ்ட் 20
கிடங்கு வழக்கு தள்ளுபடி. லாரிகள் மறுபடியும் மண் கொட்டுகின்றன.

அக்டோபர் 21
மூன்றாவது நாளாக மழை. காலையில் தையல்காரம்மா போன் செய்தார்.

"டீச்சர், இந்தத் தடவ கூட்டிச் சொல்லல. மெஷின கட்டில் மேல ஏத்திட்டோம். தண்ணி இடுப்புக்கு நிக்குது. நீங்களே வந்து அளந்துக்குங்க."

டேப்பைப் பையில் போட்டுக்கொண்டேன். குரலில் கோபமே இல்லை. பாவி மனுஷி, ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.