பறிகொடுத்தோம் என்று சொன்னேன்

நியூயார்க்,
ஏப்ரல் 9

அன்புள்ள தம்பி வெஸ்லிக்கு,

நான் நலம். போதை மறுவாழ்வு இல்லத்தில் ஐந்தாவது மாதமும் தாக்குப்பிடித்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று புலம்பினாயாமே. புலம்பிக்கொண்டே சாப்பிடு, போதும்.

தொலைக்காட்சி நிறுவனத்தின் பயிற்சி வேலைக்கு நேர்முகத் தேர்வு முடிந்தது. வேலை என்ன தெரியுமா? பார்வையாளர்களை வரிசையில் நிறுத்துவது, படப்பிடிப்பு அரங்கைச் சுற்றிக் காட்டுவது, பெரியவர்களுக்குக் காபி வாங்கப் பறப்பது. இதற்கு ஒன்பதாயிரம் பேர் விண்ணப்பம். நம்மைப் போல சிபாரிசுக்கு ஆள் இல்லாதவர்கள் உள்ளே நுழைய வேறு வாசல் கிடையாது.

கடைசிச் சுற்றில் பத்துப் பேர். தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றை ஒவ்வொருவரும் எல்லோர் முன்னாலும் மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். இங்கே அதுதான் வழக்கமாம். கனெக்டிகட்டிலிருந்து வந்த பிரெஸ்டன் என்ற பையன், தன் நாய்க்குக் கண் போன கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தேர்வுக்குழுத் தலைவி மெரடித் தலையை ஆட்டி ஆட்டிக் குறித்துக்கொண்டாள். நாய்க்கு இத்தனை நாடகமா என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது நான். நம் சுரங்க ஊரைச் சொன்னேன். அப்பாவின் முதுகு ஒடிந்ததையும் டாக்டர் கொடுத்த வலி மாத்திரைகளே வீட்டில் போதையாகிப்போனதையும் சொன்னேன். "கடைசியில என் தம்பியையும் அந்த மாத்திரைக்குப் பறிகொடுத்துட்டோம்" என்றேன். அம்மா சொல்வதைத்தானே சொன்னேன். நீ வீட்டுப் பக்கமே வராத நாட்களில் சர்ச்சில் யார் கேட்டாலும் அவள் அப்படித்தான் சொல்வாள். நம் ஊரில் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

மெரடித் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோ பாவம், எத்தனை வயசுல போனான்?" என்று கேட்டாள். பத்தொன்பது என்றேன். நீ வீட்டைவிட்டுப் போன வயது. அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை, வெஸ்லி.

அவள் பக்கத்தில் இருந்த தேர்வுக்குழு ஆள், "குரல் தழுதழுத்துச்சே, அடுத்த தடவை சொல்றப்பவும் அந்த இடத்தை மட்டும் மாத்திடாதம்மா" என்று யோசனை சொன்னான். வெளியே லிஃப்டில் பிரெஸ்டன் என் தோளைத் தட்டி, "உன்கிட்ட செத்துப்போன தம்பி இருக்கான். என்கிட்ட ஒரு குருட்டு நாய்தான். நான் எங்க போய் ஜெயிக்கிறது?" என்றான். அவன் சிரித்தான். கூடவே நானும் சிரித்தேன். அறைக்கு வந்து வாயைக் கொப்புளித்தேன்.

நேற்று வேலை கிடைத்ததாக மெரடித் போன் செய்தாள். வேலையில் சேரும் முதல் நாள் பெரிய அதிகாரிகள் எல்லோர் முன்னாலும் அதே கதையைச் சொல்ல வேண்டுமாம். உன் படம் ஒன்று வேண்டுமாம். "சின்ன வயசுப் படமா இருந்தா இன்னும் உருக்கமா இருக்கும்" என்றாள். ஆறாம் வகுப்பில் எடுத்த படத்தைத் தேடி எடுத்து உறையிலும் போட்டுவிட்டேன். பிறகு என் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவர்களைத் திட்டித் தீர்க்கலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுத எழுத அவர்களைவிட நான்தான் கேவலமாகத் தெரிகிறேன்.

எனக்கு வேலை கிடைத்ததை அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். மூன்று முறை போனை எடுத்தேன், மூன்று முறையும் வைத்துவிட்டேன். நானாகச் சொல்லமாட்டேன், எனக்கு என்னைத் தெரியும்.

அதனால் நீ எனக்கு ஒன்று செய்ய வேண்டும். மெரடித்தின் எண்ணைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் போன் பேச விடும் நாளில் கூப்பிடு. லொரீனின் தம்பி வெஸ்லி பேசுகிறேன் என்று சொல். வேறு எதுவும் விளக்க வேண்டாம். எனக்காகப் பரிதாபப்பட்டு விட்டுவிடாதே.

நீ நூறு வயது இருப்பாய், தம்பி.

உன் அக்கா,
லொரீன்