முப்பத்தோராவது கண்ணி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து இப்போது பாதி மாடிப்படி வரைக்கும் முணுமுணுக்காமல் ஏறுகிறாள், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி வேலைக்குப் போய்வருகிறாய் என்று தெரிந்தால் எங்களுக்கு அது போதும். அக்காவுக்கு மாற்றல் வந்துவிட்டது, பக்கத்துக் கிளைக்குத்தான் என்பதால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டியதில்லை. நீ அனுப்பிய மப்ளர் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. போனில் அம்மாதான் சொன்னாள், நான் ஏதோ தலைபோகிற வேலை இருப்பது மாதிரி கடைக்குள்ளேயே நின்றுகொண்டேன். நீ தப்பாக எடுத்துக்கொண்டிருப்பாய். அதற்குக் காரணம் இருக்கிறது, போனில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது சொல்வாய், எனக்குக் கோபம் வரும், பேச்சு கெட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பார்சலைப் பிரித்ததும் உள்ளே இருந்த உன் சீட்டை அம்மா சத்தமாகப் படித்தாள். நான் ஓட்டும் ஆம்புலன்சில் அழைப்பு வராத நேரத்தில் கூட வரும் நர்ஸ் அம்மா பின்னச் சொல்லிக்கொடுத்தார், முடிப்பது எப்படி என்று கேட்பதற்குள் அவர் வேறு ஷிப்டுக்குப் போய்விட்டார், அவர் திரும்பி வரும்வரை பின்னிக்கொண்டே இருந்தேன், அதான் இவ்வளவு நீளம் என்று எழுதியிருந்தாயே, அம்மா சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் மூன்று சுற்று சுற்றியும் முழங்கால் வரைக்கும் தொங்கியது. மறுநாள் நல்ல வெயில், இருந்தாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போனேன். அளவு கொடுக்க வந்தவர், பேன்ட் வாங்க வந்தவர், விலாசம் விசாரிக்க வந்தவர் என்று ஒருத்தரையும் விடவில்லை, என் பையன் அவன் கையாலேயே பின்னியது என்று சொன்னேன். மூன்றாம் நாள் நம் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அக்கா, மாஸ்டர், இதே ஆளுக்கு நேத்தும் சொன்னீங்க என்றாள்.

இனி கெட்டது. முப்பத்திரண்டு வருஷத் தொழில், ஒன்று நீளமாக இருந்தால் என் கை என்னைக் கேட்காமலே கத்தரிக்குப் போகும். பேன்ட்டுக்குக் குறைப்பது போல அளந்து, சாக்பீஸில் கோடு போட்டு, உன் மப்ளரை வெட்டிவிட்டேன். ஓரத்தை மடித்து மிஷினில் விட்டேன், அது நெளிந்து நெளிந்து குழந்தைப் பாவாடை மாதிரி விரிந்தது. தையலைப் பிரித்தேன். ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது, பிசிறு என்று நினைத்து இழுத்தேன், ஒரு வரிசை முழுக்க வந்துவிட்டது. அதை நிறுத்தப்போய் இன்னொன்று. துணியில் பிசிறு போனால் விரற்கடை போகும், இது ஒரு சாணுக்கு மேல் போய்விட்டது. நீ அத்தனை நாள் காத்திருந்து கற்றுக்கொண்ட முடிப்பு வரிசை வெட்டிய துண்டோடு போனது. அப்படியே மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். உனக்குப் பதினெட்டு வயதில் ஆறு மாதம் கடையில் என்னோடு இருந்தாய். நீ தைத்த காலர் ஒவ்வொன்றையும் நான் பிரித்துத் திரும்பத் தைத்தேன், எல்லார் முன்னாலும் உனக்கு அரைகுறை என்று பெயர் வைத்தேன். நான் தைச்சது ஒண்ணாவது இந்தக் கடையை விட்டு வெளியே போயிருக்காப்பா என்று கேட்டுவிட்டுத்தான் நீ போனாய். இத்தனை வருஷம் கழித்து நீ முழுசாக முடித்து அனுப்பியதையும் அதே கையால் பிரித்துவிட்டேன் என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்.

கடைக்கு எதிரில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வந்திருக்கிறது, அங்கே வேலை பார்க்கும் பெண் ரத்தக் குழாய்களைச் சுழற்றும் மிஷின் சுற்றி முடிகிற வரைக்கும் உட்கார்ந்து பின்னுவாள். அவளிடம் கொண்டுபோனேன். அவிழ்ந்து நின்ற நூல் வளையங்களை, அவள் பாஷையில் கண்ணிகளை, ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றி முதலில் உயிரைக் காப்பாற்றினாள். மீதியையும் நீயே பின்னிக் கொடும்மா என்றேன். நான் பின்னினா அது உங்க பையனோடதும் இல்லை, உங்களோடதும் இல்லை, நீங்களே கத்துக்கோங்க மாஸ்டர் என்றாள். பழைய நூல் ஒரு உருண்டையும் இரண்டு ஊசியும் கொடுத்தாள். என் கைக்குத் தெரிந்த ஊசி துணியைக் குத்தும், இது எதையும் குத்தாது, நூலைக் கொக்கிபோட்டு ஒரு கண்ணிக்குள்ளிருந்து இன்னொன்றை வெளியே எடுக்க வேண்டும். தையல்காரன் பழக்கத்தில் இழுத்து இழுத்து இறுக்கினேன், கண்ணி ஊசியை விட்டு நகரமாட்டேன் என்றது. நூலோட சண்டை போடாதீங்க என்றாள். இருபது கண்ணியில் ஆரம்பித்தது பதினேழில் வந்து நின்றது. தப்பு தெரிந்தவுடன் பிரித்துவிடுவேன், திரும்ப ஆரம்பிப்பேன். நான்காம் நாள் அவள், தப்பு இருந்தா இருக்கட்டும், அடுத்த வரிசைக்குப் போங்க, பிரிச்சுக்கிட்டே இருந்தா கை எப்பத்தான் பழகும் என்றாள். எனக்கு உன் காலர்கள்தான் ஞாபகம் வந்தன. அந்தத் தப்பைப் பிரிக்காமல் அடுத்த வரிசைக்குப் போனேன்.

பதினைந்து நாள் கழித்து உன் மப்ளரைக் கையில் கொடுத்தாள். எண்ணிப் பார்த்தால் நீ ஆரம்பித்தது முப்பது கண்ணி, ஊசியில் இருப்பது முப்பத்தொன்று. அவள் தேடிக் காட்டினாள், அவிழ்ந்த இடத்துக்கு இரண்டு விரல் கீழே ஒரு ஓட்டை, அங்கே நூல் உனக்குத் தெரியாமல் ஊசிமேல் ஒரு சுற்று விழுந்து கண்ணியாகியிருக்கிறது, அப்போது எங்கிருந்தாவது அழைப்பு வந்து நீ வண்டியை எடுத்திருப்பாய். இன்னும் ரெண்டு விரல் பிரிச்சா இதுவும் போயிடும் மாஸ்டர், முப்பதா எடுத்துப் பின்னலாம் என்றாள். வேண்டாம் என்றேன். நீ செய்த தப்பில் நான் கைவைக்காமல் விட்டது அது ஒன்றுதான். வெட்டிய துண்டைப் பிரித்து அந்த நூலிலேயே முப்பத்தொன்றாகவே பின்னினேன். உன் பின்னல் தளர்வு, என்னுடையது இறுக்கம், எங்கே நீ நின்று எங்கே நான் ஆரம்பித்தேன் என்று தெருவிலிருந்தே தெரியும். உன்னுடையதுதான் அழகு, காஜா அக்காவும் அதையேதான் சொன்னாள்.

முப்பத்திரண்டு வருஷம் ஊசி பிடித்தவனுக்கே இவ்வளவு கஷ்டமென்றால், ஓயாமல் ஓடுகிற வேலைக்கு நடுவில் அத்தனை நீளம் பின்னிய உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது, இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். முடிப்பு வரிசை எப்படிப் போடுவது என்று அந்தப் பெண் காட்டினாள், நான் போடவில்லை. ஊசியோடு பேப்பரில் சுற்றிக் கடை மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், நீ வந்துதான் முடிக்க வேண்டும். நானும் அம்மாவும் உனக்கு நீண்ட ஆயுசும் நோயில்லாத உடம்பும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். வண்டி ஓட்டும்போது பின்னலை மடியில் வைக்காதே, லீவு கிடைத்ததும் தேதியை எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா,
அரைகுறை.