சாப்பிடலாம் என்று சொன்னவன்

22 செப்டம்பர் 2024, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் நாங்கள் குடியிருக்கும் தாமானுக்குப் பின்னால் இருக்கும் பழைய ரப்பர்க் காட்டுக்குப் போனேன். விழுந்து கிடந்த மரத்தில் மூன்று வகைக் காளான். படம் எடுத்து ஃபேஸ்புக் காளான் குழுவில் போட்டேன். ஒருவர் ஒரு பெயர் சொன்னார். இன்னொருவர் அதெல்லாம் இல்லை என்றார். மூன்றாமவர், தண்டின் அடிப்பக்கம் எங்கே என்று அதட்டினார். போனில் இருக்கும் ஆப் அதே காளானுக்குக் காலையில் ஒரு பெயர் சொல்கிறது, மாலையில் வேறு பெயர் சொல்கிறது. ஓய்வு பெற்றவன் ஒரு பொழுதுபோக்கு வைத்துக்கொண்டால் இதுவா கதி?

என் மனைவி பாட்ரீசியா ஐஸ்பெட்டியிலிருந்து என் காளான் டப்பாவை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். "மீன் வைக்கிற இடத்துல இத வைக்காதீங்க. செத்துக்கித்துப் போனா போலீஸ் என்னையத்தான் கேக்கும்."

ஆயர் குரோ ஃபேக்டரியில் முப்பது வருடம் சரக்கின் தரம் பார்த்தவன் நான். நான் ஓகே சொல்லாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. வீட்டில் ஒரு காளான் விஷயத்தில்கூட என் பேச்சு எடுபடவில்லை.

26 செப்டம்பர், வியாழன்

மழை. பெயர் இன்னும் கிடைக்கவில்லை.

4 அக்டோபர், வெள்ளி

பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா வேலியோரம் கூப்பிட்டார். புரட்டாசி விரதம், வீட்டில் கறி இல்லை. நாளை சனிக்கிழமைப் படையலுக்கு மகள் வீட்டார் வருகிறார்களாம். திடல் ஓரப் புல்லில் பறித்த வெள்ளைக் காளானை வாளி நிறையக் காட்டினார்.

"செண்டாவான் பூசுட் தம்பி. கறி மாதிரியே இருக்கும்."

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அவர் சொல்லும் புற்றுக்காளான் கறையான் புற்றில்தான் முளைக்கும், தண்டு வேர் போல மண்ணுக்குள் இறங்கும். அக்கா அடியை வெட்டி எறிந்துவிட்டு, கழுவியும் வைத்திருக்கிறார். எதை வைத்துக் கண்டுபிடிப்பது? ஒரே ஒரு காளான் குடையைக் கேட்டு வாங்கி, வெள்ளைத் தாளில் கவிழ்த்துக் கிண்ணத்தால் மூடியிருக்கிறேன். அது உதிர்க்கும் தூளின் நிறம் தெரிந்தால் போதும்.

5 அக்டோபர், சனி

தூள் பச்சை. பச்சை என்றால் விஷம், இதில் இரண்டு பேச்சே இல்லை. தாளோடு ஓடினேன். அங்கே மசாலாவே அரைத்தாகிவிட்டது.

"மஞ்சப் போட்டு வேக வெச்சுப் பாத்தேன் தம்பி, நெறம் மாறலையே."

மஞ்சளுக்கு என்ன தெரியும்? அவர் மகன் திவாகர், "அங்கிள் இப்ப யூடியூப் டாக்டர் லா," என்று சிரித்தான். நான் வாசலை விட்டு நகரவில்லை. கடைசியில் அக்கா எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

9 அக்டோபர், புதன்

அக்கா பேசுவதில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வீணாகக் கொட்ட வைத்துவிட்டான் என்று எதிர் வீட்டில் சொன்னாராம்.

தின்னாத்தானே ஆகும்? நான் சொன்னது சரின்னு காட்ட எவனாச்சும் வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணுமா? என்ன நியாயம் இது — நல்லது செஞ்சவனுக்குக் கெட்ட பேரு.

பாட்ரீசியாவும் அப்படித்தான் நினைக்கிறாளா? கேட்கவில்லை. ஆமாம் என்றுவிட்டால்?

27 அக்டோபர், ஞாயிறு

விடியற்காலையில் ரப்பர்க் காட்டில் ஒரு கறையான் புற்று நிறையக் காளான். பொறுமையாகத் தோண்டி வேரோடு எடுத்தேன். மாலைக்குள் தாளில் புற்றுக்காளானுக்கே உரிய இளஞ்சிவப்புத் தூள். குழுவில் ஒருவர்கூட மறுக்கவில்லை.

"புற்றுக்காளான். சாப்பிடலாம்," என்று பாட்ரீசியாவிடம் நீட்டினேன். போலீஸ் கதை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் வாங்கிப்போய், பூண்டும் சிலி பாடி மிளகாயும் போட்டுப் பிரட்டினாள். சோற்றில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இரு," என்றேன்.

"என்ன?"

"நல்லதுதான். ஆனாலும் கொஞ்சம் இரு."

"நீங்கதானே பாத்துச் சொன்னீங்க." வாயில் போட்டுவிட்டாள்.

இதற்குத்தானே இத்தனை நாள் ஆசைப்பட்டேன்? என் பேச்சை நம்பி ஒருத்தி விழுங்குவது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சில விஷம் மறுநாள்தான் காட்டும் என்று படித்ததெல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் தட்டிலும் அள்ளிப் போட்டுக்கொண்டேன். ருசிக்காக இல்லை. அவளுக்கு ஏதாவது ஆனால் எனக்கும் ஆகட்டும்.

28 அக்டோபர், திங்கள்

விடிந்ததும் பாட்ரீசியாவின் குறட்டை. எத்தனை வருடம் அதைத் திட்டியிருக்கிறேன். இன்று அசையாமல் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.