சொல்லாமல் விட்ட ஒரு படி

அன்பு மகன் ஃபயாஸுக்கு, காட்டுப்பாக்கத்திலிருந்து அத்தா சலாம் சொல்லி எழுதுவது. இறைவன் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மருமகள் ரூஹியும் குழந்தை ஹிபாவும் பனியில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மொட்டைமாடிக்கு ஏறாதே என்றால்தான் கேட்பதில்லை. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் இரண்டு நிமிடத்தில் சரி வைக்கிறேன் என்று வைத்துவிடுகிறோம், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து போனில் அனுப்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதே மனதில் ஓடுகிறது. உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி உன் பிரிவு வேலையைச் சென்னைக்கு மாற்றுகிறது, இங்கே சேரப்போகிறவர்களுக்கு மூன்று மாதம் கற்றுக்கொடுத்துவிட்டு நீ வெளியேற வேண்டும், பாதிதான் சொல்லித்தருவேன் அத்தா, மீதியை அவர்களே முட்டி மோதித் தெரிந்துகொள்ளட்டும் என்றாய். அப்படிச் செய்யாதே என்று என்ன வாயோடு சொல்வது, நானே அதைச் செய்தவன். நம் குடும்பத்தில் உன் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியின் பெரிய ஆர்டர் போய்விட்டது என்று மட்டும் உனக்குச் சொன்னேன். பம்பில் கசிவை அடைக்கும் ரப்பர் சீல் வாங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்கள், வியட்நாமிலிருந்து வாங்கினால் வரி குறைவு என்று சீல் வார்க்கும் அச்சுகளை அங்கே அனுப்பச் சொல்லிவிட்டார்கள். அச்சு அவர்களுடையது, முதலாளி லோகநாதன் என்ன செய்வார். மே மாதம் அங்கிருந்து லான் என்று ஒரு பெண் வேலை பழக வந்தாள், முப்பது வயதிருக்கும். நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவள் போனில் பேசுவாள், அது இங்கிலீஷில் சொல்லும், பக்கத்து மெஷினில் வேலை பார்க்கிற உத்தமன் அதை எனக்குத் தமிழில் சொல்வான். எல்லாம் காட்டினேன், ஒன்றைத் தவிர. மழைநாளில் ரப்பர் கலவை ஈரம் இழுத்துக்கொள்ளும். அச்சில் வைக்குமுன் அதற்குச் சூடு காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சீலுக்கு உள்ளே குமிழி விழும், வெளியே தெரியாது. அப்போது கத்திரி வெயில், அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஜூலையில் அங்கே மழை பிடித்திருக்கிறது. நறுக்கிய சீல்களைப் படம் எடுத்து அனுப்பினாள், உள்ளே சல்லடை மாதிரி ஓட்டை. சரக்கு திரும்பி வந்துவிட்டதாம், இன்னொரு தடவை வந்தால் அவளையும் கூட இருக்கிற ஒன்பது பெண்களையும் நிறுத்திவிடுவார்களாம். உத்தமனிடம் காட்டினேன். அவன் நிதானமாகச் சொன்னான், “அவ தோத்தாதான் மாமே அச்சு நம்மகிட்ட திரும்பி வரும். நம்மள நம்பி இருபது ஊடு கீது. நீ வாய மூடிகினு இரு.” அவன் சொன்னதில் தப்பு கிடையாது தம்பி, அவனுக்கு இரண்டு பெண்கள், இரண்டும் காலேஜில். மூன்று நாள் பதில் போடாமல் இருந்தேன். நான்காம் நாள் அவள் தன் நோட்டுப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினாள். நான் சொன்ன ஒவ்வொரு படிக்கும் நம்பர் போட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதியிருந்தாள். ஐயா, நீங்கள் சொன்னதில் நான் எந்தப் படியைச் செய்யாமல் விட்டேன் என்று கேட்டிருந்தாள். என்மேல் அவளுக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லை. அன்றைக்கு ராத்திரி அந்தப் படங்களை வீட்டில் காட்டினேன். உன் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணு தன்மேலதான் தப்புன்னு நெனச்சிகினு கீறா, அத்த எப்புடிங்க நீங்க பாத்துகினு இருப்பீங்க” என்றாள். அதற்குள் போனில் பாஷை மாற்ற நானும் பழகியிருந்தேன், லானுக்கு எழுதினேன். நீ எதையும் விடவில்லை, நான்தான் ஒரு படியை மறைத்தேன் என்றே எழுதி, சூடு காட்டுவதையும் சொன்னேன்.

பிறகு ஏதோ நல்லது நடந்தது என்று நினைத்துவிடாதே. அச்சு திரும்பி வரவில்லை. தீபாவளிக்குள் இருபதில் பன்னிரண்டு பேரை நிறுத்தினார்கள், நானும் உத்தமனும் அதில் சேர்த்தி. நான் லானுக்கு எழுதியது தெரிந்து அவன் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பெருநாளுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டான், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. நான் சொல்லாமல் இருந்திருந்தால் ஆர்டர் திரும்பியிருக்குமா, தெரியாது. செய்தது சரிதானா என்று கேட்டால் உத்தமன் முகத்தைப் பார்க்கும்போது ஒரு பதில் வருகிறது, தனியாக இருக்கும்போது வேறு பதில் வருகிறது. இப்போது செம்பரம்பாக்கம் குடோனில் சரக்கு சரிபார்க்கிறேன். எந்தெந்த நாட்டுப் பெட்டியோ வருகிறது, போகிறது. அங்கே சரவணக்குமார் என்று உன்னைவிடச் சின்னவன் எனக்கு ஸ்கேனர் பிடிக்கச் சொல்லித்தந்தான். ஒரே தப்பை ஐந்து தடவை செய்தேன், ஆறாவது தடவையும் முகம் சுளிக்காமல் காட்டினான். ஐம்பத்தெட்டு வயதில் தெரியாது என்று சொல்லி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. லானும் அப்படித்தானே என் முன்னால் நின்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இதை எழுத இன்னொரு காரணம் உண்டு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து நம் மேல் வீட்டில் குடியிருக்கிறார்களே, அவர்கள் பெண் ஜெபாவுக்கு அம்பத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. புதன்கிழமை கேசரி கொண்டுவந்து, வேலைக் கடிதத்தையும் காட்டினாள். மேலே உன் கம்பெனி பெயர், உன் பிரிவு. உன் அம்மா கேசரியை வாங்கிக்கொண்டு, தட்டில் இரண்டு ஆப்பிள் வைத்துக் கொடுத்தாள். “அங்கிள், ஃபயாஸ் அண்ணன்கிட்ட ஒரு தடவை பேசலாமா, எனக்கு அந்த வேலையில ஒண்ணுமே தெரியாது” என்று அந்தப் பெண் கேட்டாள். அது உன் நாற்காலி என்று அவளுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. உன் நம்பரும் கொடுக்கவில்லை. கோபப்பட உனக்கு உரிமை உண்டு, அதனால் அவளுக்குச் சொல்லித்தா என்றும் சொல்லித்தராதே என்றும் நான் சொல்லமாட்டேன். திங்கட்கிழமை அவள் வேலைக்குச் சேருகிறாள், அதற்குள் உன் நம்பரைக் கொடுக்கலாமா என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்.

வேறு வேலை கிடைக்கும்வரை மனதைத் தளரவிடாதே, ரூஹியிடம் எதையும் மறைக்காதே, வேளாவேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. குளிர்கோட்டின் ஜிப் போய்விட்டது என்றாயே, தள்ளிப்போடாமல் மாற்றிவிடு.

துஆவுடன்,
உன் அத்தா
ஹாஜா மொய்தீன்